கொசுறாகக் கிடைக்கும் சந்தோஷம்

(நமது வட்டாரக் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



நான் மைக்கைப் பிடித்தாலே கேட்பு, வசூல், நிலுவை என்று ஆரம்பித்துவிடுவேன் என்று உங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. இன்றைக்கு அதைப் பேசப் போவதில்லை. இன்றைக்குச் சந்தோஷத்தைப் பற்றிப் பேசுவோம். அதிலும் எதிர்பாராமல் வருகிற சந்தோஷம். அது மட்டும் ஏன் அவ்வளவு இனிக்கிறது?

சந்தைக்குப் போகிறீர்கள். ஒரு கிலோ கத்தரிக்காய், அரைக்கிலோ தக்காளி வாங்கிக் காசும் கொடுத்தாச்சு. பையைத் தூக்கும்போது காய்க்கார அம்மா, நீங்க கேட்காமலே ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் ரெண்டு பச்சை மிளகாயும் அள்ளிப் பையில் போடுகிறார். கொசுறு! மனசு குளிர்ந்துபோகும் இல்லையா? வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடச் சொல்வோம். கத்தரிக்காயைப் பற்றிச் சொல்ல மாட்டோம், கொத்தமல்லியைப் பற்றித்தான் சொல்வோம்.

இதே கொசுறை நாமே கேட்டு வாங்கினால்? வாங்குவோம், ஆனால் அந்தக் குளிர்ச்சி இருக்காது. அவரே வாரா வாரம் போட்டுப் பழக்கிவிட்டு ஒரு வாரம் போடாமல் விட்டால்? "என்னம்மா, இன்னிக்குக் கறிவேப்பிலைகூட இல்லியா?" என்று சண்டைக்கே போய்விடுவோம். கொடுப்பது அதே ஒரு கைப்பிடிதான். ஒரு தடவை சந்தோஷம், ஒரு தடவை ஒன்றுமில்லை, ஒரு தடவை கோபம். ஏன் இப்படி?

குரங்குக்குக் கிடைத்த பழச்சாறு

இதற்கு ஒரு விளக்கம் குரங்குகளிடமிருந்து வந்தது. சிரிக்காதீங்க, நிஜம்தான். சுவிட்சர்லாந்து நாட்டில் ஃப்ரிபூர் என்ற ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1990களில் ஒரு சோதனை செய்தார். மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்கிற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. நமக்கும் உண்டு, குரங்குக்கும் உண்டு. அந்தச் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று மெல்லிய கம்பி வைத்து அவர் அளந்தார்.

முதலில் குரங்குக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்தார்கள். செல்கள் படபடவென்று துடித்தன. அடுத்து, ஒரு விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் சாறு வரும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். குரங்குக்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு விளக்கு எரிந்ததும் செல்கள் துடித்தன, சாறு வாயில் விழும்போது சும்மா இருந்தன. கடைசியாக, விளக்கு எரிந்தது, ஆனால் சாறு வரவில்லை. சாறு வரவேண்டிய அந்த நொடியில் செல்களின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்து அடங்கிப்போனது.

நம் குழுவில் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். மூளை வசூலை மட்டும் எழுதவில்லை. கேட்பையும் வசூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை எழுதுகிறது. எதிர்பார்த்தது நூறு, வந்தது நூறு என்றால் அங்கே எழுத ஒன்றுமில்லை. எதிர்பார்த்தது பூஜ்யம், வந்தது ஒரு கைப்பிடி கொத்தமல்லி என்றால் அது பெரிய வரவு. (பார்த்தீங்களா, கேட்பு வசூலை விடமாட்டேன் என்று நீங்கள் நினைத்தது சரிதான்.) இந்த வேலைக்காக ஷுல்ட்ஸுக்கும் இன்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் சேர்த்து 2017இல் மூளை ஆராய்ச்சிக்கான ஒரு பெரிய பரிசை டென்மார்க்கில் கொடுத்தார்கள்.

மனிதர்களை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் செய்த ஒரு சோதனை 2001இல் வெளிவந்தது. 25 பேருக்குக் குழாய் வழியாகப் பழச்சாறும் தண்ணீரும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, மூளையைப் படம் எடுத்தார்கள். ஒரு முறை சாறு, தண்ணீர், சாறு, தண்ணீர் என்று ஒழுங்காக. இன்னொரு முறை எப்போது எது வரும் என்றே தெரியாமல். தெரியாமல் வந்தபோதுதான் மூளையின் அந்தப் பகுதி அதிகமாக வேலை செய்தது. எனக்குச் சாறுதான் பிடிக்கும், எனக்குத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று அவர்கள் சொன்னதுகூட அங்கே பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

இதை நாமே நம் ஊரில் பார்த்தோம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ரூ.1000 முதல் முதலாக வந்தது நினைவிருக்கிறதா? 15ஆம் தேதி என்று சொல்லியிருந்தார்கள். பலருக்கு ஒரு நாள் முன்னாடியே போனில் மெசேஜ் வந்துவிட்டது. அன்றைக்கு நான் ஒரு குழுக் கூட்டத்தில் இருந்தேன். கூட்டம் நடக்கவே இல்லை. ஆளாளுக்குப் போனைக் காட்டிக்கொண்டு, படிக்கத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக்கொண்டு, ஒரே கலகலப்பு. ஏழெட்டு மாதம் கழித்து அதே குழுவுக்குப் போனேன். அதே ஆயிரம்தான் வந்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருவருக்கு மட்டும் இரண்டு நாள் தாமதம், அவர் மட்டும் பேசினார், கோபமாக. இதை வைத்து யாரும் நன்றி கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். விளக்கு எரிந்து சாறு வராத குரங்கின் நிலைமைதான் அது. பணத்தின் பயன் குறையவில்லை. ஆச்சரியம் மட்டும் தீர்ந்துவிட்டது.

இன்ப அதிர்ச்சியில் இருக்கும் அதிர்ச்சி

தமிழில் இதற்கு இன்ப அதிர்ச்சி என்று சொல்கிறோம். அந்த 'அதிர்ச்சி' அதில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எதிர்பாராதது எது வந்தாலும் முதல் நொடியில் அது நல்லதா கெட்டதா என்று உடம்புக்குத் தெரியாது. கண் விரியும், மூச்சு ஒரு கணம் நிற்கும், நெஞ்சு திக் என்று அடித்துக்கொள்ளும். அடுத்த நொடியில்தான் "அட, நல்ல சேதிதான்" என்று தெரியும். அந்தப் படபடப்பு அப்படியே சந்தோஷத்தோடு சேர்ந்துகொள்ளும். பிள்ளை பாஸாகிவிட்டது என்று கேட்டதும் அம்மா அழுவது அதனால்தான்.

கைக்குழந்தையிடம் பாருங்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அம்மா எங்கே? அம்மா எங்கே?" என்று கேட்டு, "இதோ!" என்று திறந்தால் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். எப்போது திறப்போம் என்று அதற்குத் தெரியாது, அதுதான் வேடிக்கை. ஆனால் அதே விளையாட்டை முன்னபின்ன தெரியாத ஆள் வந்து காட்டினால் வீல் என்று அழும். மடி பத்திரமான மடி என்று தெரிந்தால்தான் ஆச்சரியம் சிரிப்பாகும்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம்மில் நிறையப் பேருக்கு அந்தப் பத்திரம் இருந்ததில்லை. வயசான அம்மாமார்களைக் கேளுங்கள், அந்தக் காலத்தில் வீட்டு வாசலில் தந்திக்காரர் வந்து நின்றால், பிரித்துப் படிக்கும் முன்னாலேயே அழுகைச் சத்தம் கேட்கும். நல்ல சேதிக்கு யார் காசு கொடுத்துத் தந்தி அடிப்பார்கள் என்ற நினைப்பு. 2013 ஜூலையோடு தந்தி சேவையே நின்றுபோனது, ஆனால் அந்தப் பயம் நிற்கவில்லை. இப்போது ராத்திரி பத்து மணிக்குப் போன் அடித்தால் அதே திக் திக். ஒரு பயிற்சியில் "உங்களுக்குக் கிடைத்த இன்ப அதிர்ச்சி எது?" என்று கேட்டபோது ஒரு அக்கா, "எனக்குச் சொல்லாம வந்ததெல்லாம் கெட்டதுதான் மேடம். வீட்டுக்காரரு வாங்கின கடன், நகையை அடகு வச்சது, எல்லாம் கடன்காரன் வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது" என்றார். அந்தக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

நம் குழு என்ன செய்கிறது? எந்தத் தேதி கூட்டம், எவ்வளவு சேமிப்பு, என்ன வட்டி, யாருக்கு எப்போது கடன் முறை, எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது. புதுசாகச் சேர்ந்த தங்கச்சிகள் சிலர், "மாசா மாசம் ஒரே மாதிரி, போரடிக்குது" என்கிறார்கள். போரடிக்கத்தான் வேண்டும். திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நாலு பேர் இருக்கிறார்கள், சங்கக் கடன் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு, கதவு தட்டினால் பதறாமல் திறக்க முடிகிறது. அப்படித் திறக்கிறவருக்குத்தான் எதிர்பாராத விருந்தாளி சந்தோஷம்.

அதே ஆசையை வைத்துப் பணம் பறிப்பவர்கள்

டோபமைன்தான் சந்தோஷம் என்று சிலர் சொல்கிறார்கள். அது அவ்வளவு சரியில்லை. அது நம்மிடம் சொல்வது, "இதைக் கவனி, நினைவில் வை, மறுபடியும் தேடு" என்பது. தேட வைப்பதற்கும் திருப்தி தருவதற்கும் ரொம்ப தூரம்.

சமூகப்பணி படிக்கும்போது ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். களத்துக்கு வந்த பிறகுதான் அது எதற்கு என்று புரிந்தது. அவரும் ஃபெர்ஸ்டர் என்பவரும் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை 1957இல் புத்தகமாகப் போட்டார்கள். இத்தனை தடவை கொத்தினால் தானியம் என்று கணக்காகக் கொடுத்தால், புறா கொத்தும், தின்னும், கொஞ்சம் ஓய்வெடுக்கும். சில சமயம் சீக்கிரம், சில சமயம் ரொம்ப நேரம் கழித்து என்று கணக்கில்லாமல் கொடுத்தால், ஓய்வே எடுக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியத்தை அடியோடு நிறுத்திவிட்டாலும், கணக்கில்லாமல் வாங்கிப் பழகிய புறா லேசில் விடாது.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? எனக்கு லாட்டரிச் சீட்டு நினைவுக்கு வருகிறது. "ஒரு நம்பர்ல போச்சு" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது! தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தார்கள். பிறகு அதே புறாக்கூண்டு போனுக்குள் வந்தது, ஆன்லைன் ரம்மி என்ற பெயரில். முதலில் ஐம்பது ரூபாய் ஜெயிக்க வைத்து, பிறகு எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாமல் விடியவிடிய கொத்த வைப்பது. தமிழக அரசு இதற்காகக் கொண்டுவந்த சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் வந்ததனால் வீட்டில் உள்ள பையன்களின் போனைக் கவனிக்கும் வேலை நமக்குப் போய்விடவில்லை.

இதைவிட நமக்கு நேராக வருவது, "உங்கள் நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்ற போன். நம் வட்டாரத்திலேயே ஒரு தங்கச்சிக்கு வந்தது. பெயர் வேண்டாம், அவர் சம்மதித்ததால்தான் சொல்கிறேன். 25 லட்சம் பரிசு என்றார்கள், வாட்ஸ்அப்பில் அவர் பெயர் போட்டு காசோலைப் படம் அனுப்பினார்கள். பதிவுக் கட்டணம் என்று 3,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினார். அடுத்த நாள் வரி என்று 8,000 ரூபாய். ஆடு வாங்க எடுத்த சங்கக் கடன் அது. அத்தோடு போன் அணைந்துவிட்டது. குழுவில் வந்து சொன்னபோது அவர் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "அந்த ஒரு நிமிஷம் இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்னிக்குக்கூட இல்ல மேடம்."

அவரை யாரும் முட்டாள் என்று சொல்லக் கூடாது. நான் முன்னால் சொன்னேனே, மூச்சு ஒரு கணம் நிற்கிற அந்த நொடி, அந்த நொடியில்தான் அவன் ஓ.டி.பி. கேட்கிறான், பணம் கட்டச் சொல்கிறான். யோசிக்க நேரம் கொடுத்தால் அவன் பிழைப்பு நடக்காது. "இன்றைக்குள் கட்ட வேண்டும், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று சொல்வது அதற்காகத்தான். நாம் வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. பணத்தோடு ஒரு நல்ல சேதி திடீரென்று வந்தால் ஒரு ராத்திரி தள்ளிப்போடுங்கள், குழுவில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அந்த நிமிஷமே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. அந்தத் தங்கச்சியின் குழு, தீர்மானம் போட்டு அவருடைய தவணையைக் குறைத்து, மாதங்களைக் கூட்டிக் கொடுத்தது. எனக்கு அந்தக் குழுவின் மேல் தனி மரியாதை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு குழுவில் ஆண்டு விழாவுக்கு ஊக்குநரும் பிரதிநிதிகளும் சேர்ந்து எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். யாருக்கும் முன்னால் தெரியாது. அன்றைக்கு ஒரே சந்தோஷம், போட்டோ எல்லாம் எடுத்தார்கள். அடுத்த மாதம் வரவு செலவு வாசிக்கும்போதுதான் அது குழுப் பணம் என்று தெரிந்தது. தீர்மானம் இல்லை. அதே சேலையைக் கட்டிக்கொண்டு வந்தே சண்டை போட்டார்கள். எடுத்துக் கொடுத்தவர்கள் ஒரு ரூபாய்கூடத் தின்னவில்லை, நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனாலும் நான் உறுப்பினர்கள் பக்கம்தான் நின்றேன். குழுக் கணக்கில் இன்ப அதிர்ச்சிக்கு இடமே கிடையாது. லாபப் பங்கு அதிகமாக வந்தால்கூட, ஏன் அதிகம் என்று கேளுங்கள்.

காசில்லாமல் கொடுக்கக்கூடியது

அப்படியானால் ஆச்சரியத்தை எங்கே கொடுப்பது? சொந்தக் கையிலிருந்து, சின்னதாக. பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2005இல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நூலகத்தில் இருப்பவர்களிடம் போய் ஒரு டாலர் நாணயம் ஒட்டிய அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலருடைய அட்டையில் யார் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்று கேள்வி பதிலாக எழுதியிருக்கும். மற்றவர்களுடைய அட்டையில் வாசகம் ஏறக்குறைய அதுதான், ஆனால் அந்தக் கேள்விகள் இருக்காது, சட்டென்று விளங்காது. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொருவர் போய் மனநிலை எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், விளங்காத அட்டை வாங்கியவர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். "யார் கொடுத்தது? எதுக்கு?" என்று மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. விளக்கம் கிடைத்துவிட்டால் மனசு மூடிவைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

ஒரு குழுவில் ஓர் உறுப்பினரின் மகள் பிளஸ் டூ பாஸானாள். அந்தக் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் பெண். மற்ற பதினோரு பேரும் ஆளுக்கு முப்பது ரூபாய், சொந்தக் காசு, போட்டு ஒரு கைக்கடிகாரம் வாங்கினார்கள். விழா வைக்கவில்லை, என்னைக்கூடக் கூப்பிடவில்லை. அந்தப் பெண் நூறு நாள் வேலையில் இருந்த அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தபோது, அங்கேயே கண்மாய்க் கரையில் வைத்துக் கையில் கட்டிவிட்டார்கள். அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள். புதுசாக வேறு கடிகாரம் வாங்கிவிட்டாள், ஆனாலும் பழையதைத் தூக்கிப்போடவில்லை என்று அவள் அம்மா சொன்னார்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாக் குழுவிலும் இனி பாஸான பிள்ளைக்கெல்லாம் கடிகாரம் என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள். போட்டால் அது நல்ல உதவியாக இருக்கும், ஆனால் ஆச்சரியமாக இருக்காது. அடுத்த வருஷம், "அவ பொண்ணுக்கு டைட்டன், எம் பொண்ணுக்குச் சாதாவா?" என்று கேள்வி வரும்.

வீட்டிலும் அப்படித்தான். தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தருவது கடமையாகிவிட்டது, அதில் நிறம் சரியில்லை என்றுதான் பேச்சு வரும். ஒரு சாதாரண புதன்கிழமை, மாமியாருக்குப் பிடித்த பணியாரத்தைச் சொல்லாமல் சுட்டு வையுங்கள். பையன் ஸ்கூலுக்குக் கொண்டுபோகும் டப்பாவில் வழக்கமான புளிச்சோற்றுக்குக் கீழே ஒரு அவித்த முட்டையைப் புதைத்து வையுங்கள். தினமும் செய்தால் அது வெறும் முட்டைதான். எப்போதாவது செய்யுங்கள்.

"மேடம், இதையெல்லாம் நாங்க செய்வோம். எங்களுக்கு யாரு செய்வா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்கிறது. நியாயமான கேள்வி. வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது எது என்று நமக்குத் தெரியும், நமக்குப் பிடித்தது எது என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? போன வருஷம் ஒரு பயிற்சியில், "உங்கள் அம்மாவுக்குப் பிடித்த பலகாரம் எது?" என்று பிள்ளைகளிடம் கேட்டுவரச் சொன்னேன். பாதிக்கு மேல், "எங்கம்மாவுக்கு எல்லாமே பிடிக்கும்" என்று பதில் வந்தது. மீந்ததைச் சாப்பிடுகிறவருக்கு எல்லாமே பிடிக்கும் என்றுதானே தோன்றும்? அதனால் இன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பேச்சுவாக்கில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லிவையுங்கள். வாங்கி வா என்று கேட்க வேண்டாம். எனக்கு இது பிடிக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்து, வங்கிக் கடன் இணைப்புக்குத் தேர்வாகியுள்ள குழுக்களின் பட்டியலைக் கூட்டமைப்புச் செயலாளர் வாசிப்பார். பட்டியல் போன வாரமே உங்கள் ஊக்குநர்களிடம் கொடுத்ததுதான், மாற்றம் எதுவும் இல்லை.